ஐந்து துளைகளின் கதை

மினி காரின் வரலாற்றில் ஒட்டிப் பிறந்தாற்போல இரண்டு இன்ஜின்கள் உண்டு. இரண்டும் 998 சிசி. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 64.58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76.2 மில்லிமீட்டர். 1964இல் மினி கூப்பரில் வந்தது 55 குதிரைத்திறன் கொடுத்தது. 1967இல் சாதாரண மினி 1000இல் வந்தது 38 கொடுத்தது. வயிறு ஒன்றே, பலம் வேறு. பழைய மினி ஒன்றை வாங்கி அதன் இழுவையைக் கூட்ட நினைக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இடையில் தொலைந்த இந்த 17 குதிரைகளைத்தான் தேடுகிறார்.

தேடல் பெரும்பாலும் வாலிலிருந்து தொடங்கும். பழைய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்ற புதியதை மாட்டுவார்கள். அன்று மாலையே கார் உறுமும். ஓட்டுகிறவருக்கு வண்டி பறப்பதுபோல இருக்கும். ஸ்டாப்வாட்ச் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாது. காற்று உள்ளே நுழைந்து, எரிந்து, புகையாக வெளியேறும் பாதை முழுவதும் ஒரே சங்கிலி. அதன் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் இன்ஜினின் பலத்தைத் தீர்மானிக்கிறது. மினியில் அந்த இடம் வாலில் இல்லை, தலையில் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஐந்து துளைகளில். இந்தக் காருக்காக அறுபது ஆண்டுகளாக நடந்த ட்யூனிங் வேலை அத்தனையும் அந்த ஐந்து துளைகளோடு செய்துகொண்ட சமரசம் என்பது என் கட்சி. சைலன்சரின் நியாயமும் அங்கிருந்து பார்த்தால்தான் புரியும்.

காரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) தலைவர் லெனர்ட் லார்ட், நான்கு பேர் உட்காரும் சிக்கனக் கார் ஒன்று கேட்டார். ஒரு நிபந்தனை: கையில் ஏற்கெனவே இருக்கும் இன்ஜின்தான் அதில் போக வேண்டும். ஸ்மிர்னாவில் பிறந்த அலெக் இசிகோனிஸ், பத்தடி நீளத்துக்குள் அதைச் செய்துகாட்டினார். இன்ஜினைக் குறுக்கே திருப்பினார். கியர்பாக்ஸை அதன் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். பத்து அங்குலச் சக்கரம் போதும் என்றார். 1959 ஆகஸ்ட் 26 அன்று கார் வெளிவந்தது. சோதனைக் கார்களில் 948 சிசி இன்ஜின் இருந்தது; வேகம் கூடுதல் என்று பயந்து 848 சிசிக்குக் குறைத்து, 34 குதிரைத்திறனோடு விற்றார்கள். அடக்கி விற்ற காரை அவிழ்த்துவிடும் ஆசை வாங்கியவர்களுக்கு அன்றே பிறந்துவிட்டது.

லார்ட் கைகாட்டிய இன்ஜினின் பெயர் ஏ-சீரிஸ். 1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 சிசியில் உருவானது, 28 குதிரைத்திறன். சிக்கனமும் உறுதியும்தான் அதன் வடிவமைப்பாளர்களின் கவலை, வேகம் அல்ல. நான்கு சிலிண்டர்கள் இருந்தும், காற்றும் பெட்ரோலும் நுழைய ஹெட்டில் இரண்டே துளைகள் வைத்தார்கள். புகை வெளியேற மூன்று. ஒன்று, இரண்டு ஆகிய சிலிண்டர்களுக்கு ஒரு நுழைவாயில். மூன்று, நான்குக்கு இன்னொன்று. புகைக்கு ஓரத்து இரண்டுக்கும் தனி வழி, நடுவிலிருக்கும் இரண்டுக்கும் கூட்டு வழி. ஐந்து துளைகளும் ஹெட்டின் ஒரே பக்கத்தில். காற்று எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கமே புகையாகத் திரும்பி வர வேண்டும். நம் ஊர் அம்பாசிடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜினும் இதே குடும்பம்தான். அதன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இந்த ஐந்து துளைக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இதனால் என்ன கெடுகிறது? இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. மூன்றாம் சிலிண்டர் கலவையை உறிஞ்சி முடிக்கும் தறுவாயில், அதே வாயிலிலிருந்து நான்காம் சிலிண்டர் உறிஞ்சத் தொடங்கும். பிறகு இரண்டு உறிஞ்சும். அது முடியுமுன் ஒன்று வந்து நிற்கும். தெருக்குழாயில் ஒருவர் குடம் நிரம்பி விளிம்பைத் தொடும் நேரத்தில் அடுத்தவர் தன் குடத்தை உள்ளே தள்ளுவது போலத்தான். முன்னவர் குடத்தில் கடைசிச் சொம்புத் தண்ணீர் விழாது. நான்கு சிலிண்டருக்கும் சமமான கலவை போய்ச் சேராததற்கு இதுவே காரணம். வேகம் கூடக் கூட, வால்வுகள் திறந்திருக்கும் காலத்தை நீட்ட நீட்ட, இந்தத் திருட்டும் கூடும்.

புகைப் பக்கத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நடுவாயிலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டும் மூன்றும் எரியும் வரிசையில் அடுத்தடுத்து வருவதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கிராங்க் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, சுற்றிவிடும். ஓரத்து ஒன்றுக்கும் நான்குக்கும் இடையிலும் அதே 360 பாகை. எனவே ஓரத்து இரண்டையும் ஒரு குழாயில் சேர்க்கலாம், நடுவாயிலை இன்னொரு குழாயாக விடலாம். எந்தக் குழாய்க்குள்ளும் மோதல் வராது. மோதல் வருவது இவ்விரு குழாய்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில். அங்கே 180 பாகைக்கு ஒருமுறை ஒரு சிலிண்டரின் புகை வந்து மோதும். புகை வால்வு திறந்திருக்கும் காலமோ 180 பாகையைவிட நீளம். ஆக, ஒரு சிலிண்டர் கடைசிப் புகையை வெளித்தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தன் முதல் வெடிப்பழுத்தத்தை அதே குழாய்க்குள் பாய்ச்சும். சேருமிடம் ஹெட்டுக்கு அருகில் இருந்தால் அந்த அழுத்தம் முந்தைய சிலிண்டருக்குள்ளேயே திரும்பி ஏறிவிடும்.

சாதாரண மினியில் நடப்பது இதுதான். நுழைவுக்கும் புகைக்கும் சேர்த்து ஒரே இரும்பு வார்ப்பாக மேனிஃபோல்டு செய்திருந்தார்கள். மூன்று புகை வழிகளும் சில அங்குலத்துக்குள் ஒன்றாகிவிடும். மலிவாகச் செய்யலாம், குளிர்காலத்தில் புகையின் சூடு நுழைவுக் குழாயையும் சூடாக்கி பெட்ரோலை ஆவியாக்கும். குளிர்நாட்டுச் சிக்கனக் காருக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடே. பலத்துக்குத்தான் அது பகை.

இதற்கு மாற்றாக வந்து நிலைத்தது நீண்ட நடுக்கிளை மேனிஃபோல்டு. மினிக்காரர்கள் எல்சிபி என்பார்கள். ஓரத்து இரண்டு குழாய்களும் இன்ஜினை விட்டு இறங்கியதும் ஒன்றாகும். நடுக்குழாய் தனியே வெகுதூரம் ஓடி, காரின் அடியில் தரைக்கு அருகே வந்த பிறகுதான் அவற்றோடு சேரும். மேலே சொன்ன 180 பாகை மோதலை ஹெட்டிலிருந்து எட்டத் தள்ளி வைக்கும் உபாயம், அவ்வளவுதான். மூன்றையும் கிட்டத்திலேயே ஒன்றாக்கும் குட்டை மூன்று-ஒன்று மேனிஃபோல்டு மலிவாகக் கிடைக்கும். அது வார்ப்பு இரும்பைவிட மேல், எல்சிபியைவிடக் கீழ். சாலைக் காருக்கு எல்சிபியைத் தவிர வேறு எதற்கும் நான் காசு போட மாட்டேன்.

குழாய் நீளத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? வால்வு திறந்ததும் வெளிப்படும் அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் ஓடும். குழாய் விரியும் இடத்தையோ திறந்த முனையையோ தொட்டதும் அது தலைகீழாக, உறிஞ்சும் அலையாக, திரும்பி வரும். சரியான நேரத்தில் வந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்து, நுழைவு வால்வு வழியாகப் புதுக் கலவையையும் கொஞ்சம் வரவழைக்கும். சூடான புகையில் அலை ஏறத்தாழ வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், முக்கால் மீட்டர் குழாயில் போய்த் திரும்ப 3 மில்லி வினாடி ஆகும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும் கிராங்க் அந்த நேரத்தில் 90 பாகை திரும்பியிருக்கும். 2500 சுற்றில் 45 பாகை மட்டுமே. ஒரு வேகத்தில் வரம்போல வந்து சேரும் அலை மற்றொரு வேகத்தில் விருந்து முடிந்த பிறகு வரும், அல்லது இலை போடுமுன்னே வந்து நிற்கும். எல்லா வேகத்துக்கும் பொருந்தும் குழாய் என்று ஒன்று இல்லை. நீங்கள் எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் குழாய் செய்பவர் நியாயமாகப் பதில் சொல்ல முடியும்.

குழாயின் விட்டத்தைப் பற்றி இரண்டு மூடநம்பிக்கைகள் எதிரெதிராக நடமாடுகின்றன. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலம் என்பது ஒன்று. இன்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் தேவை, இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்பது மற்றொன்று. எந்த இன்ஜினுக்கும் எதிரழுத்தம் நன்மை செய்வதில்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருத்த குழாயில் புகையின் வேகம் தளர்ந்து, அந்த உறிஞ்சும் அலையும் பலவீனமாகிவிடும். கீழ்வேகத்தில் வண்டி சோம்பும். அதைப் பார்த்தவர்கள் காரணத்தை எதிரழுத்தத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். 998 சிசிக்கும், மினியின் பெரிய இன்ஜினான 1275 சிசியை மிதமாகத் திருத்தியதற்கும் ஒன்றேமுக்கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு அங்குலக் குழாய் பந்தயக் களத்துக்குரியது.

சைலன்சர் பெட்டிகளுக்கு இப்போது வரலாம். உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்துப் புகையை வளைத்து வளைத்து ஓடவிடும் பழைய வகை ஒன்று. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு அடைத்த வகை மற்றொன்று. பின்னது புகையைத் தடுக்காது. ஆண்டுகள் போனால் பஞ்சு எரிந்து உதிர்ந்து, சத்தம் கூடிக்கொண்டே போகும். நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெட்டி வைத்தால் பலத்தில் இழப்பு மிகச் சொற்பம், காதுக்கு நிம்மதி ஏராளம். மினியின் தகரக் கூட்டில் ஒலித்தடுப்பு என்று பெயர் சொல்லத்தக்க எதுவும் கிடையாது. ஒற்றைப் பெட்டியோடு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போனவர்களுக்கு, மண்டைக்குள் வண்டு குடியேறியது போன்ற அந்த ரீங்காரம் மறக்காது. பின்னால் இரட்டை வாய் வைத்த சைலன்சர்களும் விற்கிறார்கள். உள்ளே வருவது ஒற்றைக் குழாய், வெளியே தெரிவது இரண்டு. மூக்குத்தி இரண்டு போட்டால் மூச்சு இரண்டாகிவிடாது. அழகுக்கு என்றால் ஆட்சேபம் இல்லை.

மாட்டும் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. மினியில் இன்ஜின் குறுக்கே படுத்திருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் முன்னும் பின்னும் ஆடும். இந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த, இன்ஜினுக்கும் முன்சுவருக்கும் இடையே ஒரு சிறு தண்டு இருக்கிறது. அதன் ரப்பர் புஷ் தேய்ந்துபோனால் இன்ஜின் ஊஞ்சலாடும். புகைக் குழாய் தரையோடு பிணைந்திருப்பதால் மேனிஃபோல்டு சேரும் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். புதுக் குழாய் மாட்டி ஒரு மாதத்தில் இணைப்பு ஊதுகிறது, குழாய் தரமில்லை என்று திட்டுகிறவர்கள் பலர். குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சின்ன ரப்பர். கியர்பாக்ஸ் பக்கத்தில் குழாயைத் தாங்கும் பிடியை மறுபடி மாட்டாமல் விட்டாலும் இதே கதிதான். புஷ் மாற்றாமல் எல்சிபி மாட்டுவது, கால் ஆடும் கட்டிலில் புது மெத்தை போடுவது.

பழைய வார்ப்பில் நுழைவும் புகையும் ஒன்றாக இருந்ததால், புகைப் பக்கத்தை மாற்றும்போது நுழைவுப் பக்கத்தையும் மாற்றியே தீர வேண்டும். இதைக் கடையில் போய் நின்ற பிறகு அறிகிறவர்களும் உண்டு. தனி அலுமினிய நுழைவு மேனிஃபோல்டு, தடையில்லாத காற்று வடிகட்டி, எல்சிபி, திறந்த சைலன்சர், கார்புரேட்டருக்குப் புது ஊசி. இந்தத் தொகுப்புக்கு ட்யூனிங் உலகில் முதற்கட்டம் என்று பெயர். ஹெட்டைத் திறக்காமல் ஒரு வாரக் கடைசியில் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். பலன் உண்டு, மேட்டில் கியர் மாற்றாமல் ஏறும்போது தெரியும். ஆனால் 17 குதிரைகளும் திரும்பி வந்துவிடாது. ஒரு பகுதிதான் வரும்.

இந்தத் தொகுப்பில் விலை மிகக் குறைந்ததும் மிக முக்கியமானதும் ஊசி. மினியில் இருப்பது எஸ்யூ கார்புரேட்டர். ஸ்கின்னர் சகோதரர்கள் செய்தது. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்யூ. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப ஒரு பிஸ்டன் தானே மேலெழும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசி, பெட்ரோல் வரும் துளையிலிருந்து உயர்ந்து வழிவிடும். ஊசியின் பருமன் ஒவ்வோர் உயரத்திலும் எவ்வளவு என்பதுதான் அந்த இன்ஜினின் ஜாதகம். காற்று தாராளமாக வரத் தொடங்கிய பிறகு பழைய ஊசியே இருந்தால், பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூடாக எரியும், வால்வு கருகும், போதாத காலம் வந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறம் இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. ரோலிங் ரோடு எனப்படும் உருளை மேடையில் வண்டியை ஏற்றி, முழு மிதியில் கலவையை அளந்து ஊசியைத் தேர்ந்தெடுப்பது அதைவிட நிச்சயமானது. ஆயிரங்களைக் குழாயில் போட்டவர்கள் இந்தச் சோதனைக் கூலியை மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கூப்பரில் ஒன்றேகால் அங்குல எஸ்யூ இரண்டு இருந்தன. இரட்டைக் கார்புரேட்டருக்கு ஒரு கவர்ச்சி உண்டு. மூடியைத் திறந்தால் பார்க்கிறவர் விசிலடிப்பார். ஆனால் இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது தொடர்ந்த வேலை. நல்ல மேனிஃபோல்டில் ஒன்றேமுக்கால் அங்குல ஒற்றை எஸ்யூ, அதாவது எச்ஐஎஃப்44, சாலைக்குத் தேவையான காற்றைச் சிரமமின்றிக் கொடுக்கும். ஏ-சீரிஸ் ட்யூனிங்குக்குத் தனிப் புத்தகமே எழுதிய டேவிட் விசார்ட் போன்றவர்களின் சோதனைகளுக்குப் பிறகு ஒற்றைக் கார்புரேட்டரின் மதிப்பு உயர்ந்துவிட்டது. இத்தாலிய வெபர் 45 வேண்டுமென்றால் இடமே கிடையாது. முன்சுவரை வெட்டி, நடுவிலிருக்கும் ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் அதன் வாயை நுழைக்க வேண்டும். பிறகு காற்று உறிஞ்சும் சத்தத்தை முழங்காலுக்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டு போகலாம்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே இங்கே வைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை இப்படித்தான் பின்னால் நினைத்துக்கொள்கிறார்கள். டாப்பட் இடைவெளி 0.30 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.38, டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டில் ஆட்டம் இல்லாமை, நான்கு சிலிண்டரிலும் ஒத்த கம்ப்ரஷன். ஐம்பது வயது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்து டைமிங் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். 38 குதிரை இன்ஜின் என்று புத்தகத்தில் இருப்பது, தேய்ந்த நிலையில் அதற்கு வெகு கீழே நிற்கும். இழந்ததை மீட்பதுதான் மலிவான ட்யூனிங்.

உண்மையான பலம் ஹெட்டில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஏ-சீரிஸின் இதய வடிவ எரி அறை ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம். அதைத் திருத்தியே பெயர் வாங்கியவர் டேனியல் ரிச்மண்ட். வில்ட்ஷயரில் டவுண்டன் என்ற கிராமத்தில் மனைவி பண்ட்டியோடு நடத்திய பட்டறையில், கையால் துளைகளைச் செதுக்கி மினிகளுக்கு உயிர் கொடுத்தார். பின்னர் பிஎம்சியே அவரிடம் ஆலோசனை கேட்டது. செதுக்குவது என்றால் கண்ணாடிபோலத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்பு நுழைவுத் துளையில் எந்த நன்மையும் செய்யாது. பெட்ரோல் துளிகள் சுவரில் வழியத்தான் உதவும். வால்வுக்குக் கீழே காற்று திரும்பும் முடுக்கின் வளைவு, வால்வு இருக்கையின் கோணங்கள், இரு வால்வுகளுக்கும் காற்று பிரியும் இடம் ஆகியவற்றின் வடிவமே பலன் தருவது. தேர்ந்த கையில் ஒரு மில்லிமீட்டர் போதும். தேராத கையில் அதே மில்லிமீட்டர் தண்ணீர் ஓடும் அறைக்குள் ஓட்டை போட்டுவிடும்.

செதுக்கத் தயங்குகிறவர்களுக்கு மாற்று ஹெட் உண்டு. 998 கூப்பரில் வந்த 12ஜி295 என்ற வார்ப்பு, சிறிய இன்ஜினுக்கு அப்படியே பொருந்தும். 1275இன் 12ஜி940 ஹெட்டில் வால்வுகள் பெரியவை. அதைச் சிறிய இன்ஜினில் மாட்டினால் புகை வால்வு திறக்கும்போது பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். லேத் பட்டறையில் பிளாக்கில் பள்ளம் எடுத்த பிறகே மாட்ட வேண்டும். நடு இரண்டு சிலிண்டர்களின் வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் விழுவது இந்த ஹெட்டின் பரம்பரை நோய். இரண்டு சிலிண்டரின் புகைச் சூடு ஒரே வாயிலில் குவிவதன் விளைவு. பழைய ஹெட் வாங்குகிறவர் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அதோடு, ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு பிரிட்டனிலும் இந்தியாவிலும் போய்விட்டது. ஈயம்தான் பழைய இரும்பு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. ஹெட்டைத் திறந்த கையோடு புகை வால்வுகளுக்குக் கடின இருக்கை வைத்துவிடுவது நல்லது.

ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவதும் பலம் தரும். ஆனால் அது பெட்ரோலின் தரத்தோடு போடும் பந்தயம். இதன் மறுகோடியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். இதே ஏ-சீரிஸ் இன்ஜின் 1952 முதல் மொரிஸ் மைனரில் வந்தது. மொரிஸ் மைனர்களும் ஆஸ்டின்களும் யாழ்ப்பாணத்து வீதிகளில் வெகுகாலம் நின்று நிலைத்தன. போர்க்காலத்தில் பெட்ரோல் தடை வந்தபோது, சில துளி பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 803 சிசி இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான் என்பதால் அது மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டது. ஹெட்டை இழைத்துப் பத்துக்கு ஏற்றிய இன்ஜினில் அதை ஊற்றினால் தட்டித் தட்டியே உடைந்துபோகும். குறைந்த பலம் என்று நாம் குறைசொல்லும் அதே குணம் ஒரு காலத்தில் ஓர் ஊரையே நகர வைத்திருக்கிறது.

வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றும் இடத்தில் நான் பின்வாங்குகிறேன். மிதமான சாலைக் கேம், கென்ட் 266 போன்றது, ஹெட் வேலைக்குத் துணையாக நன்றாகவே இருக்கும். அதற்கு மேலே போனால் வால்வுகள் திறந்திருக்கும் காலம் நீண்டு, முதலில் சொன்ன குழாயடித் திருட்டு உச்சத்துக்குப் போகும். இதைச் சரிக்கட்டவே உள் சிலிண்டர்களுக்கு ஒரு டைமிங், வெளிச் சிலிண்டர்களுக்கு வேறு டைமிங் என்று செதுக்கிய கேம்கள் வந்தன. ஐந்து துளை இன்ஜினைத் தவிர வேறு எங்கும் தேவைப்படாத வினோதம் அது. பந்தயத்தில் சரி. சிக்னலில் நிற்கும்போது குலுங்கி, மூவாயிரம் சுற்றுக்குக் கீழே முரண்டு பிடிக்கும் காரை ஒரு வருடத்துக்குமேல் விரும்பி ஓட்டியவர்கள் குறைவு.

கொள்ளளவைக் கூட்ட நினைப்பவர்களின் கண் 1275 மேல் விழும். விட்டம் 70.61, பிஸ்டனின் ஓட்டம் 81.28 மில்லிமீட்டர். இதிலும் அதே இரட்டைக் கதை: கூப்பரின் வேக வடிவமான கூப்பர் எஸ்ஸில் 76 குதிரை, ஒற்றைக் கார்புரேட்டரோடு 1969இல் வந்த 1275 ஜிடியில் 59. சிலிண்டர்களைப் பெருக்க இடம் தேடி, நடுவிலிருக்கும் இரண்டையும் நெருக்கி வைத்துவிட்டார்கள். அந்த ஒல்லிச் சுவரின் மேல்தான் ஹெட் கேஸ்கட் முதலில் ஊதும். நீண்ட ஓட்டம் காரணமாக 6000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 16 மீட்டரைத் தாண்டும். இவ்வளவுக்கும் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன. கியர்ப் பற்கள் எண்ணெயை அரைத்துக்கொண்டே இருக்கும். பலம் கூட்டிய மினியில் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 20டபிள்யூ50 மாற்றாதவர், கியர்பாக்ஸை இறக்கும் கூலியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம்.

ஐந்து துளைகளிடமிருந்து தப்பிக்க முயன்றவர்களும் உண்டு. ஆர்டன் நிறுவனம் எட்டுத் துளை ஹெட் செய்தது. 1969 பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை அலெக் பூல் ஆர்டன் அணியின் 970 சிசி கூப்பர் எஸ்ஸில் வென்றார். 1982இல் எம்ஜி மெட்ரோ டர்போ வந்தது. காற்றை உறிஞ்ச முடியாவிட்டால் அழுத்தித் திணிப்போம் என்ற வழி. அதே 1275இலிருந்து 93 குதிரைகள். இன்னும் கிடைத்திருக்கும், அடியிலிருக்கும் கியர்பாக்ஸ் தாங்காது என்று டர்போவை அடக்கி வைத்தார்கள். இப்போது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் பதினாறு வால்வு ஹெட்டை ஏ-சீரிஸ் பிளாக்கில் பொருத்துகிறார்கள். பிரமாதமாக ஓடுகிறது. அது மினிதானா என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்.

பிரேக்கைப் பற்றி நான்கு வரி. ஆரம்ப மினியில் நான்கு பக்கமும் ஏழு அங்குல டிரம். 55 குதிரைக் கூப்பருக்கு முன்பக்கம் ஏழு அங்குல டிஸ்க் கொடுத்தார்கள், எஸ்ஸுக்கு ஏழரை. 1964இல் பாடி ஹாப்கிர்க் மான்டி கார்லோ ராலியை வென்ற 1071 சிசி கூப்பர் எஸ்ஸில் இருந்தவை இந்த ஏழரை அங்குல டிஸ்க்குகள்தான். டிரம் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டில் கை வைப்பது யாருக்கும் நல்லதல்ல.

2000 அக்டோபரில் கடைசி மினி வெளிவரும்போது மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். கடைசி ஆண்டுகளின் கார்களில் எரிபொருள் ஊசிமுறையும் புகை சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் வந்துவிட்டதால், அவற்றில் இஷ்டம்போல் குழாய் மாற்ற முடியாது. புகைச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். 2022இல், மினி பெயரை இப்போது வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ தானே ஒரு திட்டம் அறிவித்தது. பழைய மினியைக் கொண்டுவந்தால் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தித் தருவார்கள். மேனிஃபோல்டு இல்லை, சைலன்சர் இல்லை, ஊசியும் இல்லை. கழற்றிய இன்ஜினை மட்டும் அடையாளம் இட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்களாம், உரிமையாளர் என்றாவது மனம் மாறித் திரும்பி வந்தால் மறுபடி மாட்டித் தர.